எர்த் ஓட்டையில் துடைப்பக் குச்சி

அபிஷேகப்பாக்கம்,
12 ஜூன் 2023

பிரான்ஸ் தேசத்துக் குளிரில் விறைத்துக் கிடக்கும் மச்சான் அருள்முருகனுக்கு, உன் அக்காள் புருஷன் வீரமணி ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அக்காள் கஸ்தூரியும், நெல்லும் கரும்பும், மாடும் கன்றும் சுகம். உன் மனைவி, குழந்தை சுகத்துக்கு எழுது.

நீ அனுப்பிய பெட்டிகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிவிட்டன. பிரித்துப் பார்த்தேன். ஹாட் ஏர் ஓவன், தண்ணீர் வடிக்கிற மெஷின், சுற்றுகிற மெஷின், பவர் சப்ளை என்று பாகூர் வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத சாமான் இன்றைக்கு என் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. நீ லிசே என்கிற அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் லேப் டெக்னீஷியன் என்று சொன்னபோதெல்லாம் பாட்டில் கழுவுகிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். கழுவின கைக்கு இவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நானும் கழுவப் போயிருப்பேன்.

புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு என் வீட்டில் தின்றுவிட்டுச் சும்மா இருக்கிற உன் தங்கை அர்ச்சனாவை லேப்புக்குப் போட்டிருக்கிறேன். பி.எஸ்சி. படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா? சம்பளம் பேசவில்லை. வீட்டுப் பெண்ணுக்கு என்ன சம்பளம்? நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவள்தான். ‘விட்டுவிட்டுப் போன’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள். “எழுதுடி” என்றேன், எழுதிவிட்டாள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது பார். அவளிடம் உருப்படியானது அது ஒன்றுதான்.

போனில் கூப்பிடாதே. போனில் நீ வாத்தியார் மாதிரி பேசுகிறாய், எனக்கு ஆகாது. எழுத்தில் இருந்தால்தான் மரியாதை. அவள் போனையும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். ஓடிப்போன அந்தப் பயலுக்குப் போட்டுப் போட்டு அழுகிறாள்.

இப்படிக்கு,
வீரமணி, தாளாளர்
(பள்ளி முத்திரை)


லியோனுக்குப் பக்கம்,
3 ஜூலை 2023

மதிப்புக்குரிய மாமாவுக்கு அருள் வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் உடம்பு, அக்காவின் முட்டி வலி, அர்ச்சனா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

சாமான் உடையாமல் வந்ததில் சந்தோஷம். இங்கே லிசேயில் புது லேப் கட்டுகிறார்கள். பழசை எல்லாம் உடைத்து அப்புறப்படுத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். உடைத்தாயிற்று என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆனால் நன்றாக ஓடுகிற ஓவனைச் சுத்தியலால் அடிக்க எனக்கு மனசு வரவில்லை, நம் பிள்ளைகளுக்காவது உதவட்டும் என்று அனுப்பிவிட்டேன். இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா, ஒன்று முக்கியம். அங்கும் 230 வோல்ட், இங்கும் 230, அதனால் ட்ரான்ஸ்பார்மர் வேண்டாம். பிளக்கில்தான் வம்பு. நம் ஊர் பிளக்கில் எர்த்துக்கு என்று பெரிய முள் ஒன்று மேலே இருக்கும். இவர்கள் பிளக்கில் அந்த முள் கிடையாது, அந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருக்கும். எர்த் முள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கைச் செருகும்போது அது ஓட்டைக்குள் போய்ச் சேரும். நம் சுவரில் அந்த முள் ஏது? நம் பாயிண்டில் இந்த பிளக்கைச் செருகினால் மெஷின் ஓடும். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் எர்த் சேர்ந்திருக்காது. உள்ளே கரண்ட் கசிந்தால் இரும்பு உடம்பு முழுக்க ஏறி நிற்கும். தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் தரைக்கு இறங்கும். அதுவும் கப்பலில் ஈரத்தில் வந்த சாமான், கசியாது என்று சொல்லவே முடியாது.

அதனால் எல்லா பிளக்கையும் வெட்டிப் போட்டுவிட்டு நம் ஊர் மூன்று முள் பிளக் மாட்டச் சொல்லுங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த வயர் பெரிய முள்ளில் சேர வேண்டும். கசிவு வந்தால் தானே விழுகிற டிரிப்பர் ஒன்றும் லேப்புக்கு என்று தனியாகப் போடுங்கள். இந்த இரண்டும் முடிகிறவரை எதையும் ஆன் செய்ய வேண்டாம். அர்ச்சனாவுக்கு இதெல்லாம் புரியும், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

அவளுக்கு முறையாக ஒரு வேலை ஆர்டர் போட்டுக் கொடுத்தால் காலத்துக்கும் உங்களை மறக்க மாட்டேன். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு என்று இருப்பது நாம்தான்.

அன்புடன்,
அருள்


அபிஷேகப்பாக்கம்,
20 ஆகஸ்ட் 2023

படித்த மேதை மச்சானுக்கு, படிக்காத மாமன் வீரமணியின் ஆசி. எல்லாரும் சுகம். உன் அக்காளின் முட்டியும் வாயும் ஒரே அளவில் வேலை செய்கின்றன.

உன் கடிதத்தைச் சபையில் வைத்துப் படித்தேன். பிளக்கை வெட்டவா சொல்கிறாய்? நல்ல ஆள் நீ. அதில் ‘பிரான்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறது. நம் சொல்தா சுப்புராயன் அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். “இன்னா வீரமணி, அப்பிடியே துலோன் கேம்ப்பு ஞாபகம் வருதுபா” என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற மனுஷன் அவர், திறப்பு விழாவுக்கு அவர்தான் தலைமை. அசல் பிளக்கை வெட்டிவிட்டு சந்தைக்கடை பிளக்கை மாட்டினால் பழைய இரும்புக் கடையில் வாங்கினது என்று ஊர் சொல்லும். மாப்பிள்ளையின் மீசையைச் சிரைத்துவிட்டு மணமேடையில் உட்காரவைக்கச் சொல்கிறாய்.

முதலில் அந்த பிளக் உள்ளே போகவில்லை என்பது வாஸ்தவம். கீழ் ஓட்டை இரண்டிலும் உள்ளே கதவு மாதிரி ஒன்று மூடிக்கொண்டிருந்தது. நம் எலக்ட்ரீஷியன் சின்னப்பிள்ளை பார்த்தான். மேலே சும்மா கிடக்கிற பெரிய ஓட்டையில் ஒரு துடைப்பக் குச்சியைச் சொருகினான். கீழே கதவு திறந்துகொண்டது. பிளக் ஜோராக உட்கார்ந்தது, ஓவன் சூடாகிவிட்டது. நீ மூன்று பக்கம் எழுதியதை அவன் ஒரு குச்சியில் முடித்தான்.

உன் தங்கை மட்டும் குறுக்கே வந்து, “மாமா, அது எர்த் ஓட்டை, அதுல குச்சிய வெக்கிறதுக்குப் பதிலா எர்த் இல்லன்னே எழுதிப் போட்டுடலாம்” என்றாள். அத்தனை வாத்தியார்களுக்கு நடுவில்! “உன் வூட்டுக்காரன் ஓடுனது இந்த வாய்க்குத்தான்டி” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இதையும் எழுது என்றேன். எழுதுகிறாள், நீ படிக்கிறாய்.

நீ சொன்னதற்காக டிரிப்பர் மட்டும் போட்டிருக்கிறேன். எர்த் குழி பள்ளிக்கூடம் கட்டும்போதே வெட்டியது, நன்றாகத்தான் இருக்கிறது.

வேலை ஆர்டர் விஷயம் யோசிப்போம்.

வீரமணி
(பள்ளி முத்திரை)


லியோனுக்குப் பக்கம்,
11 செப்டம்பர் 2023

மாமாவுக்கு வணக்கம். இங்கே குழந்தைக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. அங்கே மழை தொடங்கிவிட்டதா? எல்லாரும் நலம்தானே?

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. குழி நன்றாக இருந்து என்ன மாமா? கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் கயிறு வாளியில் கட்டியிருக்க வேண்டாமா? குச்சி வைத்திருக்கிற அந்த ஓட்டைதான் கயிறு கட்ட வேண்டிய இடம்.

சரி, பிளக்கை வெட்ட வேண்டாம். உங்கள் கௌரவம் எனக்குப் புரிகிறது. சுவரில் இருக்கிற பாயிண்டை மாற்றிவிடுவோம். முள் நீட்டிக்கொண்டிருக்கிற பிரெஞ்சு பாயிண்டுகளே வாங்கி, எந்த வயர் எங்கே என்று படமும் வரைந்து, தீபாவளிக்கு ஊருக்கு வருகிற தணிகைவேலிடம் கொடுத்தனுப்புகிறேன். அதை லேப் சுவரில் மாட்டி எர்த் வயரைச் சேர்த்துவிட்டால் பிளக்கும் அசலாக இருக்கும், ஆபத்தும் இருக்காது. அதுவரை ஓவனை மட்டும் தொட வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்கிறேன்.

அர்ச்சனாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். இதை முதலில் பிரித்துப் பார்ப்பதும் அவளாகத்தான் இருக்கும். அர்ச்சு, ஜாக்கிரதை.

அருள்


அபிஷேகப்பாக்கம்,
25 நவம்பர் 2023

மச்சானுக்கு தீபாவளி கழிந்த ஆசீர்வாதம். கறி தின்று வயிறு கொஞ்சம் மந்தம், மற்றபடி சுகம். தணிகைவேல் வந்தான், சாமான் கொடுத்தான்.

அடடா, என்ன வழவழப்பு! வெள்ளைக்காரன் சுவரில் வைக்கிற ஓட்டையைக்கூட அழகாகத்தான் செய்கிறான். இதைப் போய் பிள்ளைகள் ஆசிட் கொட்டுகிற லேப்பில் மாட்டுவதா என்று மனசு கேட்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில் டி.வி.க்கு இரண்டு பக்கமும் வரிசையாக மாட்டிவிட்டேன். நம் பிளக் அதில் போகாது, போகாவிட்டால் என்ன? வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்துவிட்டு “இன்னா சார், பாரிசா?” என்கிறான்.

லேப்பில் குச்சி போதும். ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. உன் டிரிப்பர். மழை நாளில் தரை துடைத்த கையோடு உன் தங்கை ஓவனைத் தொட்டால் உடனே விழுகிறது. நான் செருப்புக் காலோடு தொட்டால் விழவில்லை, சின்னப்பிள்ளை தொட்டால் விழவில்லை, இவள் வெறுங்காலோடு தொட்டால் மட்டும் விழுகிறது. கரண்டுக்கே இவளைப் பிடிக்கவில்லை பார். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடம் பாதி இருட்டாகிவிடுகிறது, கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. அதனால் சின்னப்பிள்ளை அதைக் கழற்றி வயரை நேராக்கிவிட்டான். இப்போது விழுவதில்லை.

“கை சுர்ருங்குது மாமா, நா தொட மாட்டேன்” என்று இரண்டு நாள் அடம் பிடித்தாள். கெமிஸ்ட்ரி டீச்சர் ஸ்டெல்லா அவளுக்கு வக்காலத்து. லேப்பைத் தொடாதவளுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று உன் அக்காளிடம் சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் தானாக வந்து துணியை எடுத்தாள். பசி எப்பேர்ப்பட்ட வாத்தியாரையும் விடப் பெரிய வாத்தியார்.

ஜனவரி 26 அன்று கொடியேற்றத்தோடு லேப் திறப்பு. உன் பெயரும் கல்லில் வருகிறது, என் பெயருக்குக் கீழே.

வீரமணி
(பள்ளி முத்திரை)


லியோனுக்குப் பக்கம்,
4 டிசம்பர் 2023

மாமா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னிக்கவும்.

டிரிப்பர் விழுந்தது தொல்லை கொடுக்க அல்ல. அவள் தொட்ட ஒவ்வொரு தடவையும் அது அவள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஓவன் கசிகிறது, சந்தேகமே இல்லை. காப்பாற்றுகிறதைக் கழற்றிவிட்டு, கசிகிறதை அவள் கையில் கொடுத்திருக்கிறீர்கள். ஓவனை இன்றைக்கே பிடுங்கி வெளியே வையுங்கள். விழா வேண்டாம், கல் வேண்டாம், என் பெயரும் வேண்டாம்.

போனில் அக்காவைப் பிடித்தால் “மாமா கூப்புடறாரு” என்று வைத்துவிடுகிறாள். பள்ளி எண்ணில் குமாஸ்தா புகழ்வேந்தன் எடுத்து, சார் இல்லை என்கிறார். அர்ச்சனாவோடு ஒரு தடவை பேச விடுங்கள்.

இதற்கு உடனே பதில் போடவும். காத்திருக்கிறேன்.

அருள்


அபிஷேகப்பாக்கம்,
20 பிப்ரவரி 2024

அன்பு மச்சானுக்கு வீரமணி ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். அறுவடை முடிந்தது.

வேலை மும்முரத்தில் உன் கடிதத்துக்குப் பதில் எழுத முடியவில்லை. திறப்பு விழா வெகு சிறப்பாக நடந்தது. சொல்தா சுப்புராயன் மெடல் எல்லாம் குத்திக்கொண்டு வந்து ரிப்பன் வெட்டினார். ஓவனைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது, எல்லாரும் கை தட்டினார்கள். பேப்பரில் போட்டோ வந்தது, வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

எழுத்து மாறியிருக்கிறதே என்று பார்ப்பாய். இதை எழுதுவது புகழ்வேந்தன். உன் தங்கைக்குக் கையில் கொஞ்சம் வலி, ஓய்வில் இருக்கிறாள். பெண்களுக்கு வருவதுதான்.

அடுத்த தடவை மைக்ராஸ்கோப் கிடைக்குமா என்று பார். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

வீரமணி
(பள்ளி முத்திரை)


லியோனுக்குப் பக்கம்,
1 மார்ச் 2024

மாமா,

போட்டோவில் அர்ச்சனா இல்லை. கீழே அச்சிட்ட பெயர்களில் ஸ்டெல்லா டீச்சரும் இல்லை. கையில் என்ன? எந்தக் கை? ஒரு வரி அவளையே எழுதச் சொல்லுங்கள், போதும்.

அருள்


அபிஷேகப்பாக்கம்,
14 மார்ச் 2024

தம்பி அருளுக்கு அக்கா கஸ்தூரி எழுதறது. நீ, உன் பெண்டாட்டி, பாப்பா எல்லாரும் நல்லா இருக்கணும்னு மாரியாத்தாவ வேண்டிக்கறேன். எனக்கு முட்டிதான் விடலை.

நீ கேட்டு எழுதினதால சொல்றேன். விழா அன்னிக்குக் காலையில உங்க மாமா, விருந்தாளி தொறக்கும்போது அந்த லேப்பு அடுப்பு சூடா இருக்கணும்னு முன்னாடியே போட்டு வெக்கச் சொன்னாரு. தரையெல்லாம் அப்பதான் கழுவி விட்டிருந்தது. அதும்மேல தூசி இருக்குது தொடைடின்னாரு. அர்ச்சனா ஈரத் துணியோட கைப்பிடிய புடிச்சவ, விடலை. வாய் கோணிக்கிச்சு, சத்தமும் வரலை. எல்லாரும் நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம். உங்க மாமா, “பாரு, நடிக்கிறா, வேல செய்யாம இருக்கறதுக்கு நடிக்கிறா”ன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி. ஒன்னு ரெண்டு பேரு சிரிச்சாங்க. கருகல் வாடை வந்தப்பறம்தான் அந்த ஸ்டெல்லா டீச்சரு மர ஸ்டூலால ஓங்கி அவ கையில அடிச்சு விடுவிச்சா.

கார் சுப்புராயன் ஐயாவ இட்டாரப் போயிருந்தது. அதனால ஸ்டெல்லா தன் ஸ்கூட்டர்ல வெச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா. வலது கையில மூணு வெரலு எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கறதும் மடங்கலை. உசுரு இருக்குது, அதுவே பெருசு.

உங்க மாமா மேல தப்பு சொல்லாத. அவருக்கும் அன்னிக்கு சாப்பாடே எறங்கலை, விழா நடக்குமா நடக்காதான்னு தவிச்சுப் போயிட்டாரு. இவ இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையா தொடச்சிருக்கலாம். சின்னதுல இருந்தே இவளுக்கு ராசி இல்ல. இவளால எனக்கும் அவருக்கும் வூட்டுல நிம்மதி போச்சு. சோறு ஊட்டி விட வேண்டியதா இருக்குது.

ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில கரண்ட் ஷாக்குன்னு எழுத வெச்சுட்டா. சூடு பட்டதுன்னு சொல்லியிருந்தா இவ்வளவு வம்பு வந்திருக்காது. அவள வேலைய விட்டு நிறுத்தியாச்சு.

ஒடம்ப பாத்துக்கோ.
அக்கா கஸ்தூரி


அபிஷேகப்பாக்கம்,
16 மார்ச் 2024

மச்சான் அருள்முருகனுக்கு வீரமணி.

உன் அக்காள் எழுதிய கடிதம் இதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். எனக்குத் தெரியாமல் எழுதினாள் என்று நினைக்காதே. எழுதச் சொன்னதே நான்தான். பெண் பிள்ளை சொன்னால் மனசு இறங்கும்.

இப்போது காரியம். இதையும் எழுதுவது புகழ்வேந்தன்தான், என் ஆள், வெளியே விட மாட்டான். அந்த ஸ்டெல்லா போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கல்வித் துறையிலிருந்தும் ஆள் வந்து போனான். சாமானை அனுப்பியவன் நீ, அந்த வேலை தெரிந்தவனும் நீ. நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். சாமான் சரியாகத்தான் இருந்தது, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று அர்ச்சனாவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன், நடந்தது அவளுடைய கவனக்குறைவு. இவ்வளவுதான். அதோடு அந்தப் புகார் பிசுபிசுத்துவிடும்.

நான் எழுதிய கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன என்று மிரட்டலாம் என்று உனக்குத் தோன்றும். எடுத்துப் பார். அது யார் கையெழுத்து? குச்சி சொருகியதையும் டிரிப்பரைக் கழற்றியதையும் முத்து முத்தாக எழுதியிருப்பது உன் தங்கை. நான் கையெழுத்துப் போடுகிற வழக்கம் இல்லை, முத்திரைதான். அந்த முத்திரையும் லேப் மேஜையில்தான் கிடந்தது, அவள் கை எட்டுகிற இடத்தில்.

உன் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. உடைக்கச் சொன்ன சாமானை உடைத்தாயிற்று என்று பொய்க் கையெழுத்துப் போட்டுக் கப்பலேற்றியதை உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். உனக்கு பிரெஞ்சுக் குடியுரிமை மனு நிலுவையில் இருப்பதாகத் தணிகைவேல் சொன்னான். உன் லிசே விலாசமும் அவனிடம் வாங்கி வைத்திருக்கிறேன். சுப்புராயன் பிரெஞ்சில் நன்றாகக் கடிதம் எழுதுவார்.

அவளுக்கு இனி யார் சோறு போடுவார்கள் என்றும் யோசித்துக்கொள். நான்தான் போட வேண்டும்.

குழந்தையை விசாரித்ததாகச் சொல்.

வீரமணி
(பள்ளி முத்திரை)


லியோனுக்குப் பக்கம்,
22 ஏப்ரல் 2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு அருள்முருகன் வணக்கம். இங்கு நாங்கள் நலம். தங்கள் நலத்துக்கும் அக்காவின் நலத்துக்கும் இறைவனை வேண்டுகிறேன்.

நான் அனுப்பிய ஆய்வுக்கூடச் சாதனங்கள் அனைத்தும் நல்ல நிலையில் இருந்தவை. அவற்றை நம் நாட்டு மின் இணைப்பில் எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வேண்டும் என்பதை என் தங்கை அர்ச்சனாவுக்கு நான் முன்பே விளக்கமாகத் தெரிவித்திருந்தேன். அறிவியல் பட்டம் பெற்ற அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஈரத் துணியுடன் மின்சாதனத்தைத் தொட்டது அவளுடைய கவனக்குறைவே. பள்ளி நிர்வாகத்தின் மீது இதில் எந்தத் தவறும் இல்லை.

மாமா, மேலே உள்ளதை மட்டும் தனியாக நகல் எடுத்துக் கொடுத்துவிடவும். என் நிலைமை உங்களுக்குத் தெரியும். குழந்தைக்கு இங்கே பள்ளி தொடங்கிவிட்டது. அர்ச்சனாவுக்கு நான் மாதா மாதம் ஏதாவது அனுப்புகிறேன். அவள் கோபப்பட மாட்டாள், அவளுக்கு என்னைத் தெரியும். அர்ச்சனாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

அருள்முருகன்


வில்லியனூர்,
30 ஜூன் 2024

அண்ணா,

நான் இருக்கிறேன். உன் சுகம் கேட்கவில்லை.

இது இடது கை எழுத்து. கோணலாக இருக்கும், நிதானமாகப் படி.

உன் கடிதத்தை மாமா நகல் எடுக்கவில்லை. அப்படியே வாத்தியார்களையும் போலீஸ்காரரையும் உட்காரவைத்து என் முன்னால் முழுசாகப் படித்தார். “குழந்தைக்கு இங்கே பள்ளி தொடங்கிவிட்டது” என்ற இடத்தில் போலீஸ்காரர், எழுதியது போதும் என்று பேனாவை மூடிவிட்டார். ஸ்டெல்லா மிஸ் கொடுத்த புகார் அன்றைக்கே முடிந்தது. அவருக்கு வேலையும் திரும்பக் கிடைக்காது.

மாமா சொன்ன அசிங்கத்தை எல்லாம் என் கையால் எழுதினேன். சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதாவிட்டால் சோறு இல்லை. அந்தக் கடிதத்தை உன்னை யார் அண்ணா எழுதச் சொன்னது? உன் வீட்டில் உனக்குச் சோறு இல்லையா? நான் கோபப்பட மாட்டேன் என்று எழுதியிருந்தாய். பட்டேன். வயிறெரிந்து சொல்கிறேன், இன்னும் படுகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் என்னை மறுபடி லேப்புக்கு அனுப்பினார். ஒரு கை போனால் இன்னொரு கை இருக்கிறதே என்றார். ஓவன் அதே இடத்தில் இருந்தது, அதே குச்சியோடு. போன வாரம் பனித்திட்டு ஊரிலிருந்து படிக்க வருகிற ஒரு பெண் அதில் கை வைத்தாள். நல்லவேளை, செருப்புப் போட்டிருந்தாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் மெயினை நிறுத்திவிட்டு எல்லா பிளக்கையும் வெட்டினேன். கட்டரைத் தரையில் வைத்து ஒரு பிடியை மிதித்துக்கொண்டு, மறு பிடியை இடது கையால் அமுக்கினேன். வெட்டினதைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்றிப் போய்ப் பாகூர் ஏரியில் எறிந்துவிட்டு இங்கே வந்தேன். மாமா மறுபடி ஆள் வைத்து மாட்டிக்கொள்ளட்டும். பிரான்ஸ் பிளக் இந்த ஊர்க் கடையில் கிடைக்காது. மூன்று முள் பிளக்தான் கிடைக்கும். அதை மாட்டுகிறவன் பச்சை வயரைப் பார்த்துப் பெரிய முள்ளில் முடுக்குவான், வழக்கம் அதுதான்.

நானே மாட்டிவிட்டு வந்திருப்பேன். மாட்ட இரண்டு கை வேண்டும். வெட்டுவதற்கு ஒன்று போதும்.

ஸ்டெல்லா மிஸ் வீட்டில் இருக்கிறேன். இங்கே என்னைக் கேட்டு எழுதாதே, பணமும் அனுப்பாதே. உன் மனு நல்லபடி முடிந்தால் அந்த ஊர்க்காரனாகவே இரு.

அர்ச்சனா